ஆராய்ச்சி மணியும் மிதிவெடியும்

கோயிற் சங்கத்தின் பத்திரிகையில் சர்வதேசச் சட்டம் பற்றி எழுத வேண்டிய தேவை என்ன என்று அடியார்கள் சிலர் கேட்கக்கூடும். தேவை தானாகவே வந்து சேர்ந்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையைக் காப்பதற்கு மேலும் முயலுமாறு கனடிய அரசைக் கேட்கும் கடிதமொன்றில் எமது சங்கத்தின் பெயரையும் சேர்க்கலாமா என்று ஒரு தொண்டு அமைப்பினர் கேட்டிருந்தனர். நிர்வாக சபைக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடிகிற விடயம் என்றே எண்ணினோம். ஒன்றரை மணித்தியாலம் சென்றது. கூட்டத்துக்கென்று வந்த வடையும் தேநீரும் ஆறிப்போயின.

ஒரு சாரார், "கோயிலுக்கு அரசியல் எதற்கு?" என்றனர். மற்றொரு சாரார், "காலை இழந்த பிள்ளைக்காகப் பேசுவதும் அரசியலா?" என்றனர். இவை இரண்டும் நாம் பல முறை கேட்டுப் பழகிய பேச்சுகளே. ஆனால் பின்வரிசையில் இருந்த ஓர் இளைஞர் எழுந்து கேட்ட கேள்விதான் வீட்டுக்கு வந்த பின்பும் எம்மை விடவில்லை. "இந்த அமைப்புகளை யார் தெரிவு செய்தார்கள்? யாருடைய வாக்கைப் பெற்று இவர்கள் உலகத்துக்குச் சட்டம் செய்ய வருகிறார்கள்?"

கேள்வி நியாயமானது. அதைக் குதர்க்கம் என்று தள்ளிவிட முடியாது. சர்வதேசச் சட்டம் என்பது பெரும்பாலும் அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களின் தொகுதி. ஒப்பமிடுவது அரசு, பின்னர் அதைத் தன் நாட்டில் உறுதிப்படுத்துவதும் அரசு. அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு அங்கே வாக்கு இல்லை. 1945இல் எழுதப்பட்ட ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 71ஆம் உறுப்புரை, பொருளாதார சமூக சபை இத்தகைய நிறுவனங்களுடன் கலந்தாலோசிக்க ஒழுங்கு செய்யலாம் என்று மட்டும் சொல்கிறது. ஆலோசிக்கலாம், அவ்வளவே. ஆயினும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் போரைப் பற்றிய சட்டங்கள் பலவற்றின் பிறப்பைத் தேடிப்போனால், அதன் வாசலில் யாரும் அனுப்பாத யாரோ ஒருவர் நிற்பதைக் காண்கிறோம்.

1859 யூன் 24ஆம் நாள் வட இத்தாலியில் சொல்பெரினோ என்னும் இடத்தில் பெரும் போர் நடந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த வணிகரான ஹென்றி டியூனான் அன்று அந்தப் பக்கம் போனது புண்ணியம் தேடி அல்ல. அல்ஜீரியாவில் தமக்கிருந்த வியாபாரச் சிக்கலுக்காகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்கப் போனவர் அவர். காயப்பட்ட ஆயிரக்கணக்கானோர் நீரின்றிக் கிடந்ததைக் கண்டு, பக்கத்து ஊரின் பெண்களோடு சேர்ந்து பணி செய்தார். 1862இல் தம் சொந்தச் செலவில் ஒரு நூல் வெளியிட்டார். 1863இல் ஜெனீவாவின் குடிமக்கள் ஐவர் கூடிய குழுவே பின்னாளில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவாயிற்று. 1864 ஆகஸ்ட் 22இல் 12 அரசுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. மொத்தம் பத்தே உறுப்புரைகள். டியூனானை எவரும் தெரிவு செய்யவில்லை. அவர் கண்டார், கண்டதை எழுதினார். அவருடைய வியாபாரம் பின்னர் முறிந்து வறுமையில் வீழ்ந்தார் என்பதையும், 1901இல் முதலாவது நோபல் சமாதானப் பரிசின் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

1899இல் ஹேக் நகரில் அரசுகள் கூடிப் போர் விதிகளை எழுதியபோது, ருஷியப் பிரதிநிதியாக வந்த மார்ட்டென்ஸ் என்ற சட்ட அறிஞர் முகவுரையில் ஒரு வாசகத்தைச் சேர்த்தார். எழுதிய விதி இல்லாத இடத்திலும் மனிதர்கள் பாதுகாப்பின்றி விடப்படவில்லை; மனிதாபிமானமும் பொது மனச்சாட்சியும் அங்கும் அவர்களைக் காக்கும் என்பது அதன் பொருள். அப்போதைய நோக்கம் அவ்வளவு உயர்ந்ததல்ல. பெரிய நாடுகளுக்கும் சிறிய நாடுகளுக்கும் இடையில் எழுந்த ஒரு தகராறைத் தீர்க்க முடியாமல் ஒத்திப்போட்ட சொற்கள் அவை. ஆனால் சட்டப் புத்தகத்துக்குள் 'மனச்சாட்சி' என்ற சொல் நுழைந்துவிட்டது. பொது மனச்சாட்சி என்ன சொல்கிறது என்று யார் போய்ச் சொல்வது? அரசுகள் சொல்லலாம். அவை பெரும்பாலும் தம் மனச்சாட்சியை அல்ல, தம் நலனையே சொல்லும்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கதையில் நாம் பெரும்பாலும் அரசனின் நீதியையே போற்றுகிறோம். தேர்க்காலில் மகனை இட்ட செய்திதான் பிள்ளைகளின் நாடகத்தில் கடைசிக் காட்சி. ஆனால் மணியைச் சற்றுக் கவனியுங்கள். அது அரண்மனைக்கு உள்ளே அல்ல, வாசலில் தொங்கியது. இழுப்பவர் யார், எந்தக் குலம், யாருடைய அனுமதி என்று கேட்கும் காவலாளி அங்கே இல்லை. பசு இழுத்தது. பசுவுக்கு வாக்குரிமை இல்லை. தீர்ப்புச் சொல்லும் உரிமையும் இல்லை. கன்று இறந்தது என்ற உண்மை மட்டுமே அதனிடம் இருந்தது. அதையும் அமைச்சர்கள் விசாரித்தே அறிந்தனர்.

அந்த இளைஞருக்கு நாம் சொல்லக்கூடிய பதிலின் முதற் பாதி இதுதான் என்று தோன்றுகிறது. மணியை இழுப்பது வேறு, தீர்ப்பு எழுதுவது வேறு. முன்னதற்குத் தேர்தல் வேண்டியதில்லை.

மறு பாதி இவ்வளவு சுலபமல்ல. ஏனெனில் ஜெனீவாவில் பசு நேரே வந்து மணியை இழுப்பதில்லை. பசுவின் சார்பில் வேறொருவர் இழுக்கிறார். அவருக்கு அலுவலகம் உண்டு, சம்பளம் உண்டு, பணம் தருவோர் உண்டு. இங்கேதான் மிதிவெடியின் கதை எமக்கு உதவுகிறது.

1980இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை மிதிவெடிப் பாவனைக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்தது. தடை செய்யவில்லை. எங்கே புதைக்கலாம், எவ்வாறு குறித்துவைக்கலாம் என்ற அளவில் நின்றது. கம்போடியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் அங்கோலாவிலும் வேலை செய்த மருத்துவர்களும் வெடியகற்றுவோரும் அந்தக் காகிதத்துக்கும் தாம் கண்ட கால்களுக்கும் தொடர்பே இல்லை என்பதைக் கண்டனர். செஞ்சிலுவைக் குழுவின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் மிதிவெடிக் காயங்களை வகைப்படுத்தி மருத்துவ இதழ்களில் எழுதினர். 1991இல் கம்போடிய மிதிவெடிகள் பற்றி மனித உரிமை அமைப்பினரும் மருத்துவர்களும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். 1992 ஒக்டோபரில் ஆறு அமைப்புகள் ஒன்றுகூடி மிதிவெடிகளைத் தடை செய்வதற்கான சர்வதேச இயக்கத்தைத் தொடக்கின. அதை ஒருங்கிணைத்தவர் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜோடி வில்லியம்ஸ். பெரிய கட்டடம் ஏதும் இல்லை. தொலைபேசியும் தொலைநகலும்தான்.

1996 மே மாதம் ஜெனீவாவில் 1980இன் உடன்படிக்கையை மீளாய்வு செய்தபோது அரசுகள் மறுபடியும் தடைக்கு உடன்படவில்லை. அனைவரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்பது அங்கே முறை. ஆகவே ஒருவர் தலையசைக்காவிட்டால் போதும். அதே ஆண்டு செஞ்சிலுவைக் குழு, இராணுவ அனுபவம் உள்ளவர்களைக் கொண்டே ஓர் ஆய்வு செய்வித்தது. மிதிவெடியால் கிடைக்கும் போர்ப் பயன் சொற்பம். அதனால் மக்களுக்கு வரும் கேட்டோடு ஒப்பிட்டால் அது நிற்காது என்று அந்த ஆய்வு கூறியது. அழுகையைக் காட்டிலும் இந்த ஆய்வுதான் பல அமைச்சுகளின் கதவைத் திறந்தது என்பது எமது எண்ணம்.

அதன்பின் நடந்தது நாம் வாழும் இந்த நாட்டின் தலைநகரில். 1996 ஒக்டோபரில் ஒட்டாவாவில் தடையை விரும்பும் அரசுகள் கூடின. கூட்டத்தின் முடிவில் வெளிநாட்டமைச்சர் லொயிட் அக்ஸ்வேர்தி எழுந்து, அடுத்த ஆண்டு முடிவதற்குள் உடன்படிக்கையோடு இங்கே திரும்பி வாருங்கள் என்று அறிவித்தார். வந்திருந்த இராஜதந்திரிகள் பலர் திகைத்துப்போயினர். 1997 செப்டெம்பரில் ஒஸ்லோவில் வாசகம் எழுதப்பட்டபோது அந்த இயக்கத்தினர் மண்டபத்துக்குள் இருந்தனர். பேசும் உரிமையும் பெற்றிருந்தனர். கொரியாவுக்கு விலக்குக் கேட்ட அமெரிக்கா, அது கிடைக்காதபோது ஒதுங்கிக்கொண்டது. 1997 டிசெம்பர் 3, 4ஆம் நாட்களில் ஒட்டாவாவில் 122 அரசுகள் ஒப்பமிட்டன. முதலில் ஒப்பமிட்டது கனடா. உடன்படிக்கையின் முகவுரையிலேயே பொது மனச்சாட்சியின் பங்கும், செஞ்சிலுவை இயக்கத்தோடு இந்த அரச சார்பற்ற இயக்கத்தின் உழைப்பும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. மார்ட்டென்ஸ் போட்ட சொல் 98 ஆண்டுகளுக்குப் பின் வேலை செய்தது.

அந்த ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் கிடைத்தது. ஒஸ்லோவில் இயக்கத்தின் சார்பில் பரிசைப் பெற்றவர் துன் சன்னாரெத் என்ற கம்போடியர். இரு கால்களையும் மிதிவெடிக்கு இழந்து, மற்றவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்து கொடுப்பவர். பசுவே மணியருகில் வந்த தருணம் அது என்று சொல்லலாம்.

நிற்க. இவ்வளவும் சொல்லி, இந்த இயக்கத்தார் எல்லாரும் மகான்கள் என்று முடித்துவிட்டால் அந்த இளைஞரின் கேள்விக்கு நாம் உண்மையாக இருக்கவில்லை என்றாகும். அந்நாட்களில் உலகெங்கும் 11 கோடி மிதிவெடிகள் புதைந்து கிடக்கின்றன என்ற எண் எல்லாத் துண்டுப்பிரசுரங்களிலும் அச்சானது. அது முதலில் உத்தியோகபூர்வ மதிப்பீடுகளில் இருந்து வந்ததுதான். பின்னர் வெடியகற்றுவோர் களத்தில் இறங்கி அளந்தபோது அந்த எண் மிகையானது என்று தெரிந்தது. எத்தனை வெடி என்று எண்ணுவதை விட்டு, எத்தனை சதுர மீற்றர் நிலம் என்று அளக்கும் முறைக்கு மாறினர். பொய் சொன்னார்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் துயரம் பெரிதாக இருக்கும்போது எண்ணையும் பெரிதாக்கினால் குற்றமில்லை என்ற மனநிலை தொண்டு செய்வோருக்கு எளிதில் வந்துவிடும். பசு மணியை எவ்வளவு ஓங்கி இழுத்தாலும் இறந்த கன்று ஒன்றுதான்.

இன்னொரு குறையும் உண்டு. எந்தத் துயரத்துக்கு மணி அடிக்க வேண்டும் என்பதை இலண்டனிலும் நியூயோர்க்கிலும் ஜெனீவாவிலும் இருப்போர் முடிவு செய்கின்றனர். மனிதரைக் குறிவைக்கும் மிதிவெடி தடையானது. வாகனத்தைக் குறிவைக்கும் வெடி அந்த உடன்படிக்கைக்குள் வரவில்லை. கொத்துக் குண்டுகளுக்கான உடன்படிக்கை 2008 வரை காத்திருந்தது. ஊரில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரம் எங்கும் ஓடிய வெள்ளை வாகனங்களைக் கண்டவர்கள், 'என்ஜிஓக்காரர்' என்ற சொல்லை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பது எமக்குத் தெரியும். அந்தத் தொனியில் பொறாமை கொஞ்சம், நியாயம் மிச்சம்.

ஆகவே தெரிவு செய்யப்படாத ஒருவரை நாம் ஏன் நம்ப வேண்டும்? இரக்கத்துக்காக அல்ல. இரக்கம் எவருக்கும் வரும், வந்த வேகத்தில் போகவும் செய்யும். தாம் சொன்னதைப் பிறர் சோதித்துப் பார்க்கத் திறந்து வைக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1999 முதல் இந்த இயக்கம் ஆண்டுதோறும் நாடு நாடாக ஒரு கண்காணிப்பு அறிக்கையை வெளியிட்டு வருகிறது. எந்த அரசு எதை அழித்தது, எங்கே யார் காயப்பட்டார் என்று எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறது. பிழை என்றால் அரசுகள் மறுக்கலாம். 2023ஆம் ஆண்டில் மிதிவெடிகளாலும் போரில் எஞ்சிய வெடிபொருட்களாலும் இறந்தோரும் காயமுற்றோரும் குறைந்தது 5,757 பேர் என்று அது பதிவு செய்தது. கோடிக்கணக்கில் பேசிய காலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய எண். பெயரும் ஊரும் தேடிச் சேர்த்த எண் என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

இனி, கூட்டத்தில் ஒருவரும் பேச விரும்பாத பகுதிக்கு வருகிறோம். எமது ஊரின் மண்ணில் மிதிவெடி புதைத்தது ஒரு தரப்பு மட்டுமல்ல. இராணுவமும் புதைத்தது, விடுதலைப் புலிகளும் புதைத்தனர். 1997இல் ஒட்டாவாவில் உலகம் கூடியபோது இலங்கை அரசு ஒப்பமிடவில்லை. மறு தரப்பு கைவிடும் வரை தானும் கைவிட முடியாது என்றது. அரசுகள் அல்லாத ஆயுதக் குழுக்களிடமும் மிதிவெடி கைவிடும் உறுதிமொழி வாங்க 2000இல் ஜெனீவாவில் ஓர் அமைப்புத் தோன்றியது. விடுதலைப் புலிகள் அதில் ஒப்பமிடவில்லை. புலம்பெயர்ந்த எங்களில் எத்தனை பேர் அந்நாளில் இரு பக்கத்து வெடிக்கும் எதிராக வாய் திறந்தோம்? ஒரு பக்கத்து வெடி எமக்குக் கொடுமையாகவும் மற்றப் பக்கத்து வெடி தவிர்க்க முடியாததாகவும் தெரிந்தது. மாடு மேய்க்கப் போன பிள்ளையின் காலுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இளைஞரின் கேள்வி இங்கே எம்மை நோக்கியே திரும்புகிறது. ஊரில் உள்ளவர்களின் சார்பில் நாமும் முப்பது நாற்பது ஆண்டுகளாக மனு எழுதினோம், ஊர்வலம் போனோம், பாராளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தோம். எங்களை யார் தெரிவு செய்தார்கள்? பாதுகாப்பான தூரத்தில் இருந்து மணி அடிக்கும் அமைப்புகளைப் பற்றிச் சொல்லும் குறை அத்தனையும் எமக்கும் பொருந்தும். ஆகவே அவர்களைப் பேசாதே என்று சொல்ல எமக்கு வாய் இல்லை. சோதித்துப் பார்க்கும் உண்மையைப் பேசு என்று கேட்கலாம். அதையே எம்மிடமும் கேட்க வேண்டும்.

இலங்கை 2017 டிசெம்பர் 13இல் உடன்படிக்கையில் இணைந்தது, 163ஆவது நாடு. ஒட்டாவாவில் ஒப்பமிட்டு இருபது ஆண்டுகளுக்குப் பின். 2018 யூன் 1 முதல் அது இலங்கையைக் கட்டுப்படுத்துகிறது; புதைந்த நிலத்தைத் துப்புரவாக்க உடன்படிக்கை தரும் காலம் பத்து ஆண்டுகள். முகமாலையில், முன்னாள் முன்னரங்கில், முகக்கவசமும் பாரமான மேலங்கியும் அணிந்து முழந்தாளில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுவோரில் அந்தப் பகுதிப் பெண்கள் பலர். குடும்பத்துக்கு உழைக்கும் ஒரே ஆள் என்று அந்த வேலைக்கு வந்தவர்கள் அவர்களுள் நிறைய. வெளிநாட்டு அமைப்புகளும் டாஷ், ஷார்ப் போன்ற உள்ளூர் அமைப்புகளும் அங்கே வேலை செய்து வந்துள்ளன. ஜெனீவாவின் பேச்சும் ஒஸ்லோவின் வாசகமும் எமது ஊரில் இறங்கி நிற்கும் இடம் அந்தச் சதுர மீற்றர்தான். அது துப்புரவானால் ஒருவர் தன் காணியில் மறுபடி தென்னை வைக்கலாம்.

இப்போது கடிதம் ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025இல் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் உடன்படிக்கையில் இருந்து விலகுவதாக ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிவித்தன. ருஷியா உக்ரேன் மீது படையெடுத்த பின் எல்லையில் வாழும் அச்சமே காரணம். ருஷியா இந்த உடன்படிக்கையில் ஒருபோதும் சேரவில்லை. அந்த ஐந்து நாட்டாரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். வீட்டை இழந்தவனுக்கு மற்றவன் வீட்டின் பயம் புரியும். ஆனால் மறு தரப்புக் கைவிடாமல் நாம் கைவிட முடியாது என்ற அதே நியாயத்தைக் கொழும்பும் ஒரு காலத்தில் சொன்னது, வன்னியும் சொன்னது. அதன் விலையை முகமாலையில் இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சபையில் ஒரு முடிவுக்கு வந்தோம் என்று சொல்ல முடியாது. கடிதத்தின் வரைவில் அந்தப் பழைய 11 கோடி எண் இருந்தது. அதை எடுத்துவிடும்படி அமைப்பினரைக் கேட்டோம், எடுத்துவிட்டார்கள். இலங்கை பற்றிய பந்தியில் இரு தரப்பினரும் மிதிவெடி புதைத்தனர் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படியும் கேட்டோம். அதற்கு அவர்கள் உடனே சம்மதித்தனர்; எமது சபையில்தான் இருவர் சம்மதிக்கவில்லை. அந்த வரி இருந்தால் தம் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்கின்றனர். அவர்களில் ஒருவர் தம் தம்பியை அந்த மண்ணில் இழந்தவர். அவரை வாதத்தால் வெல்ல எவரும் முயலவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் கடிதத்தில் ஒப்பமிட மாட்டேன் என்று இளைஞரும் சொல்லிவிட்டார்.

விடயம் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. கடிதத்தின் பிரதிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. அடியார்கள் எடுத்துச் சென்று, வீட்டில் பிள்ளைகளோடு இருந்து வாசித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.